ஹீட்டரைப் பெரிதாக்கினால் சுவர் காயாது

சென்ற இதழில் பாப்-அப் கேம்பர் வாங்குவோருக்கு வழிகாட்டி என்று ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் நண்பர்தான், டென்வரில் பல வருடமாகத் தெரியும். அதனால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கட்டுரையை விட முடியாது. அதைப் படித்துவிட்டு இரண்டு குடும்பங்கள் ஆர்டர் படிவத்தோடு என்னிடம் யோசனை கேட்க வந்துவிட்டன. இரண்டு படிவத்திலும் ஏசி இருந்தது, சைடில் விரிகிற பந்தல் இருந்தது, பெரிய ஹீட்டர் இருந்தது. துணிச் சுவருக்கான உள்விரிப்பை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்கள்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் உட்காரும் சின்ன அறை இது. ஓடும்போது கூரை படிந்து கிடக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தோளால் முட்டிக் கூரையைத் தூக்கினால், சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு வினைல் துணி எழுந்து நிற்கும். கீழ்ப்பாதி அலுமினியச் சட்டமும் தகடும். மேல்பாதி கூடாரம். படுக்கை டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில். அதாவது தூங்குகிறவரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தத் துணி.

இனி நண்பரின் வாதம். மேல்பாதி துணி, துணிக்குக் காப்புப் போடுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது போல, ஆகவே இன்சுலேஷனுக்குக் கொடுக்கும் காசு வீண், அந்தக் காசில் பெரிய ஹீட்டர் வாங்கு, குளிர் ஓடிவிடும். ஹீட்டருக்கும் காசு போதவில்லையா, கையில் தூக்கிப்போகும் கேஸ் ஹீட்டர் ஒன்று போதும். மற்ற ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் டிக் செய், பின்னால் விற்கும்போது விலை நிற்கும். சுருக்கினால் இவ்வளவுதான் அவர் சொன்னது.

அவருக்குச் சேரவேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கேஸ் கணக்கில் அவர் சொல்வது சரி. வெளியே மைனஸ் 10, உள்ளே 15 டிகிரி என்று வைத்துக்கொண்டு நானும் போட்டுப் பார்த்தேன். துணிக்கு உள்ளே இரண்டாவது விரிப்பு மாட்டினால் பத்து மணிநேர இரவுக்கு மிச்சமாவது அரைக் கிலோ புரோபேனைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த மிச்சத்தை வைத்து விரிப்பின் விலையை மீட்க என் பேரன் காலம் ஆகும். கேஸ் மிச்சம் என்று சொல்லி அதை விற்கிற கடைக்காரர் இருந்தால், நண்பரோடு சேர்ந்து நானும் அவரைத் திட்டத் தயார்.

ஆனால் கேஸைப் பற்றி யார் பேசினார்கள்? இன்சுலேஷன் போடுவது தண்ணீருக்காக. ஐந்து பக்கக் கட்டுரையில் ‘ஈரம்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. மழையைப் பற்றி ஒரு வரி இல்லாமல் ஓலைக் கூரை வேய்வது எப்படி என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

சென்னை வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் சொம்பு வியர்ப்பதைப் பார்க்காத தமிழர் இல்லை. கேம்பரின் துணிச் சுவர் அந்தச் சொம்புதான். என்ன, குளிர் வெளியே, நாம் உள்ளே. மூடிய அறையில் இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். போதாததற்கு நம் சமையல். எட்டாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது. ஒவ்வொரு விசிலும் உள்ளேதான் அடிக்கிறது. இத்தனை ஆவியும் போய் உட்கார ஒரு குளிர்ந்த இடம் தேடும். அதற்கு நாம் இரண்டடி உயரத்தில், நாலு பக்கமும், தாராளமாக இடம் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

முதல் வருடம் நானும் விரிப்பு வாங்கவில்லை. அதே கஞ்சத்தனம், அதே தர்க்கம். அக்டோபர் கடைசியில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு, கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேடுகள் தெரிகிற தூரத்தில் வண்டியைப் போட்டோம். ராத்திரி ஹீட்டர் நன்றாகவே எரிந்தது, உடம்புக்குக் குளிரவில்லை. விடியற்காலை டார்ச் அடித்தால் துணி முழுக்க வெள்ளை. நகத்தால் கீறினேன், உப்புப் பொரிந்தது போல உறைபனி உதிர்ந்து தலையணையில் விழுந்தது. காபி போட அடுப்பைப் பற்றவைத்ததும் அத்தனையும் இளகி, துணியின் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாக ரஜாய் மேல் இறங்கியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். ஈரத்தோடே கூரையைப் படியவைத்து வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் திறந்தபோது கிணற்றடி வாடை அடித்தது. மெத்தையைத் தூக்கினால் அடியிலிருந்த ப்ளைவுட்டில் இரண்டு ஆள் படுத்த அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. எது நான், எது அவள் என்று உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அன்றிரவு பெரிய ஹீட்டர் இருந்திருந்தால்? நண்பரின் மொத்தக் கட்டுரையும் தொங்குவது இந்த ஒரு கேள்வியில்தான். ஒற்றைத் துணிக்கு வெப்பத்தைத் தடுக்கும் சக்தி ஏறக்குறைய சைபர். தடுப்பதாகச் சொல்லிக்கொள்ள, அதன் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் மட்டும்தான். வெளிப்பக்கப் படலத்தைக் காற்று துடைத்துக்கொண்டே போகும். கணக்குப் போட்டால், வெளியே மைனஸ் 10, உள்ளே 15 என்னும்போது துணியின் உள்முகம் மைனஸ் 5-ஐ ஒட்டி இருக்கும். ஹீட்டரைக் கூட்டி அறையை 20-க்கு ஏற்றுங்கள். துணி மைனஸ் 4. நீங்கள் ஐந்து டிகிரி ஏற்றினீர்கள், சுவர் ஒரு டிகிரி ஏறியது. பனி இளகக்கூட இல்லை. நண்பர் சொல்லும் இரட்டிப்பு ஹீட்டரை வைத்து அறையைச் செட்டிநாட்டுச் சித்திரையாக்கினாலும், மைனஸ் 10-க்கு நடுவே அந்தத் துணி துணியாகவே இருக்கும்.

இப்போது அவர் வீண் என்றாரே, அந்த இரண்டாவது விரிப்பை மாட்டுங்கள். ஆர்க்டிக் பேக், தெர்மல் பேக் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் விற்பார்கள். நடுவில் காற்றை அடைத்துவைக்கும் இன்னொரு துணி என்பதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதே மைனஸ் 10, அதே 15. உள்முகம் இப்போது சுமார் 6 டிகிரி. உறைபனிக் கதை முடிந்தது. கூரை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்து, உள்ளிருக்கும் ஈரக் காற்றுக்கு வழி விட்டால் வியர்வையும் பெரும்பாலும் நிற்கும். குளிரில் ஜன்னலைத் திறப்பதா என்று கேட்பவர்கள், துணி காய்ந்திருப்பதும் கதகதப்பும் இரண்டு வேறு சமாச்சாரம் என்பதை ஒரு இரவு அனுபவித்தால் ஒப்புக்கொள்வார்கள். முதல் அடுக்குதான் மிகப் பெரிய வித்தியாசத்தைச் செய்யும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்று வருகிறது, அதனால். துணிக்குக் காப்பு போட்டால் வீட்டுச் சுவர் மாதிரி ஆகாது என்கிறார். ஆகாது. வேட்டியும் சால்வையும் கோட்டு ஆகாது என்பதற்காகப் பனியில் வெறும் உடம்போடு நிற்கிறோமா?

கையில் தூக்கிப்போகும் கேஸ் ஹீட்டர் யோசனையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. கேம்பரில் பொருத்தும் ஃபர்னஸ் வெளிக்காற்றை இழுத்து, மூடிய அறையில் எரித்து, புகையை வெளியே தள்ளும். கை ஹீட்டர் நம் மூக்குக்கு முன்னாலேயே எரியும். 1 கிலோ புரோபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும், பள்ளிக்கூட வேதியியல். நம் இரண்டு பேர் மூச்சைப் போல மூன்று மடங்கு. துணிக்குக் காப்பு வேண்டாம் என்று சொன்ன அதே பேனா, உள்ளே நீராவி எந்திரத்தையும் வைக்கச் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு பற்றி ஒரு எச்சரிக்கை கிடையாது. குழந்தைகளோடு போகிற குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை இது. அந்தப் பத்தியை மட்டுமாவது அவர் திரும்பப் பெற வேண்டும்.

கட்டுரையின் கடைசியில், அப்படியும் மனசு கேட்காதவர்கள் பளபளக்கும் பபிள் ஷீட்டை வாங்கிச் சுவரில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை தருகிறார். பளபளப்பு வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். சுவரோடு அப்பிவிட்டு மேலே கார்ப்பெட்டும் ஒட்டினால் அது விலை அதிகமான பார்சல் தாள். அதையே அளவாக வெட்டி, இரவில் துணிக்கு ஓர் அங்குலம் தள்ளி நிற்கிற மாதிரிச் செருகி, காலையில் உருவிவிட்டால் அருமையான காப்பு. ஆர்டர் கொடுத்து முடித்து விரிப்பை விட்டுவிட்டவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கீழ்ச்சுவரில் அலுமினியச் சட்டம் வெளியே தெரிகிற இடங்களைப் பாருங்கள். மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம் அது. அரை அங்குல ஃபோம் பட்டையை அதன் மேல் ஒட்டினால் போதும், காலையில் கைக்குட்டையோடு துடைத்துக்கொண்டு திரிய வேண்டாம். மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களோ வலைப்பாயோ போட்டுக் காற்று ஓட விடுங்கள். என் ப்ளைவுட் கற்றுத்தந்த பாடம் அது.

ஆப்ஷன்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் டிக் செய் என்பவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படித்திருக்கிறாரா? பயணிகளும் சரக்கும் சேர்த்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். என் டிரக்கில் 698. வெறும் கேம்பர் 470 கிலோ. மிச்சம் 228. நானும் மனைவியும் 138, உண்மையான எடையைச் சொன்னால். மிச்சம் 90. தண்ணீர்த் தொட்டி 75 லிட்டர், அது 75 கிலோ. மிச்சம் 15. நிரப்பிய கேஸ் சிலிண்டர் 17 கிலோ. பேட்டரியும் அரிசியும் இன்னும் ஏறவில்லை. அதற்குள் கடன் 2 கிலோ. அதனால்தான் நான் தொட்டியைப் பாதிதான் நிரப்புகிறேன், கேம்பரை ஏற்றி இறக்கும் ஜாக்குகள் நான்கையும் கழற்றி கராஜில் வைத்துவிட்டுப் போகிறேன். இதில் கூரை ஏசியை எங்கே ஏற்றுவது? அதுவும் தோளால் முட்டித் தூக்க வேண்டிய கூரையில் 30 கிலோவுக்கு மேல். கொலராடோ மலையில் ஆகஸ்ட் இரவில் ஸ்வெட்டர் தேடுகிறோம். கூரை மின்விசிறி ஒன்று போதும். வெக்கையையும் குக்கர் ஆவியையும் சேர்த்தே இழுத்து வெளியே போடும்.

இத்தனை ஆப்ஷன்களுக்கு நடுவே கிட்டத்தட்ட எடையே இல்லாதது எது தெரியுமா? எட்டுக்கு நாலு அடி, ஓர் அங்குல ஃபோம் ஷீட் இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அவர் வேண்டாம் என்று அடிக்கச் சொன்ன இன்சுலேஷன்.

நான் பார்க்கிற முறை வேறு. சுவரைத் திறந்தால்தான் பின்னால் சேர்க்க முடியும் என்பதை ஆலையிலேயே வாங்க வேண்டும்: சட்டத்துக்குள் அடைக்கும் காப்பு, ஃபர்னஸ், சோலாருக்கான வயரிங். உள்விரிப்பும் முதல் நாளே. பந்தல், வெளி ஷவர், கூடுதல் விளக்கு எல்லாம் இரண்டு பயணம் போய்வந்து கை அரித்தால் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் அரிக்காது. லித்தியம் பேட்டரி வாங்குகிறவர்கள் அதைக் கேம்பருக்கு உள்ளே, கதகதப்பான பக்கம் வையுங்கள். சைபருக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. வெளிப் பெட்டியில் வைக்கச் சொல்லும் நண்பரின் படம் அழகாக இருக்கிறது, கோடையில் எடுத்தது.

விற்கும்போது விலை நிற்கும் என்றாரே. அவருடையது இரண்டு வருடத்தில் விற்பனைக்கு வரும் என்று எழுதியிருக்கிறார். வாங்க நானே வருகிறேன். ஏசியை ஓட்டிக் காட்ட வேண்டாம், பந்தலை விரிக்க வேண்டாம். மெத்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன்.