வெறும் தலைவலியா?

2020 ஜனவரியில், ஈராக்கின் அல் அசாத் தளத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் மீது ஈரான் ஏவுகணை வீசியது. யாருக்கும் ஆபத்தில்லை என்றார் ஜனாதிபதி டிரம்ப். பிறகு, ஏதோ தலைவலியாம் என்றார். கடைசியில் மூளை அதிர்ச்சி என்று கணக்கில் வந்தவர்கள் 100க்கும் மேல்!

ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் தூக்கம் போகும், மறதி வரும், வீட்டில் சண்டை நடக்கும். மாஜி சிப்பாய்களைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை தர ரிச்மண்ட், டாம்பா உள்பட 5 ஊர்களில் பெரிய மையங்கள் உண்டு. சரி, குணமாகிறதா?

டிஸ்சார்ஜ் அன்று "தேவலை" என்று சொல்லிவிட்டால் போதுமா? லேசான அடி பலருக்குத் தானாகவே ஆறிவிடும். அதையும் ஆஸ்பத்திரி தன் கணக்கில் எழுதிக்கொண்டால் எந்த ஊர் நியாயம்? வார்டில் சேராதவனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வேலைக்குப் போகிறானா, ராத்திரி தூங்குகிறானா என்று பெண்டாட்டியைக் கேளுங்கள்!