உவமை சமன்பாடாக மாறும்போது: பஸ்கா விருந்தின் ‘ஒலிவ அளவு’

ஜீடிமெட்லா என்றதும் ஹைதராபாத்தில் இருப்போருக்குத் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூர்ப்பெயரின் முன்பகுதியாக ஒலிக்கும் ‘ஜீடி’ என்னும் தெலுங்குச் சொல், பொருள்மாற்றத்துக்கு நல்ல சான்று. இந்நாட்டுக்கே உரிய சேங்கொட்டையை அது குறித்தது. பின்னர்ப் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்தனர். அதுவும் சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதன் கொட்டையோட்டிலும் தோலைப் புண்ணாக்கும் நெய் உண்டு. எனவே புதுமரம் ‘ஜீடிமாமிடி’ ஆயிற்று, அதன் பருப்பு ‘ஜீடிபப்பு’ ஆயிற்று. இன்று சேங்கொட்டையைக் குறிப்பிடவே ‘நல்ல ஜீடி’, அதாவது கறுப்பு ஜீடி, என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. பழைய மருத்துவ ஏடு ஒன்றில் ‘ஜீடிக்கொட்டை அளவு’ என்றிருந்து, அதை ஒருவர் முந்திரிக்கொட்டை எனப் படித்துவிட்டால் விளைவு என்னவாகும்? சொல் அப்படியே நிற்க, அது சுட்டிய பொருள் நழுவிவிடும்.

இத்தகைய நழுவல் ஒரு சமயச் சட்டத்துக்குள் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூதரின் பஸ்கா விருந்தே விரிவான சான்று. அவ்விரவில் புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் உண்ண வேண்டும்; நான்கு கிண்ணம் திராட்சை மது அருந்த வேண்டும். எவ்வளவு உண்டால் கடமை நிறைவேறும்? அப்பத்துக்கும் கீரைக்கும் ஹலாகா என்னும் யூதச் சட்டம் தரும் விடை ‘கெஸாயித்’. ‘ஸாயித்’ என்றால் ஒலிவம். ‘கெ’ என்பது ஏறத்தாழ நம் ‘போல’ என்னும் உவம உருபு. ஆக இச்சொல் இலக்கண அமைப்பிலேயே ஓர் உவமை. ‘நெல்லிக்காய் அளவு புளி’, ‘சுண்டைக்காய் அளவு பெருங்காயம்’ என்று தமிழ்ச் சமையலறை சொல்வதும் இதே வகை. நெல்லிக்காயின் கன அளவு எவ்வளவு என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. கண்முன் நெல்லிக்காய் இருக்கும்வரை அக்கேள்விக்குத் தேவையும் இல்லை.

மிஷ்னாவைத் தொகுத்த அறிஞர்களின் நிலையும் அதுவே. கெலிம் பகுதியின் 17ஆம் இயல், அளவாகக் கொள்ளும் ஒலிவம் பெரியதும் அன்று, சிறியதும் அன்று, நடுத்தரமானது என்கிறது. முட்டை அளவைப் பற்றிய விவாதமும் அங்கேயே உண்டு. மிகப் பெரிய முட்டையையும் மிகச் சிறிய முட்டையையும் நீரில் இட்டு, வழியும் நீரைப் பாதியாக்கி நடுத்தர அளவைக் காணலாம் என்கிறார் ரபி யெகூதா. எது மிகப் பெரியது, எது மிகச் சிறியது என்று யார் சொல்வது, எல்லாம் பார்ப்பவனின் மதிப்பீடே என்கிறார் ரபி யோசே. சோதனைச்சாலை வழியும் கண்ணளவு வழியும் அன்றே எதிரெதிரே நின்றிருக்கின்றன.

ஒலிவம் விளையாத நாடுகளுக்கு இச்சட்டம் சென்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. வட பிரான்சிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்த இடைக்கால அறிஞர்களின் தோட்டத்தில் ஒலிவ மரம் இல்லை. கையில் தல்மூத் இருந்தது. தொண்டை ஒரு கோழிமுட்டைக்கு மேல் கொள்ளாது என்று ஓரிடத்திலும், இரண்டு ஒலிவத்துக்கு மேல் கொள்ளாது என்று வேறோர் இடத்திலும் தல்மூத் கூறுகிறது. இவ்விரண்டையும் இணைத்து, ஒலிவம் என்பது அரை முட்டை என்று கணித்தனர். ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸின் (1138–1204) நூலிலிருந்து வேறொரு கணக்கு பிறந்தது. உலர்ந்த அத்தி முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. ஒலிவம் அத்தியைவிடச் சிறியது. எனவே ஒலிவம் முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது மேல்வரம்பு மட்டுமே. பின்வந்தோர் அவ்வரம்பையே அளவாகக் கொண்டனர். ஒலிவத்தை அன்றாடம் கண்டவருக்கு இக்கணக்குகள் தேவைப்பட்டிரா. அக்காய் சில கனசென்டிமீட்டர் அளவே இருக்கும்.

அடுத்த பெருக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிராகு நகரில் நிகழ்ந்தது. நான்கு கிண்ண மதுவில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு ‘ரெவியித்’, அதாவது ஒன்றரை முட்டை. இதே அளவைத் தல்மூத் விரற்கடையாலும் தருகிறது: இரண்டு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், 2.7 விரல் உயரம். ரபி எசெக்கியேல் லந்தாவு (1713–1793) இரண்டையும் அளந்து பார்த்தார்; பொருந்தவில்லை. மனிதரின் கட்டைவிரல் பெருத்திருக்க வேண்டும் அல்லது முட்டை சிறுத்திருக்க வேண்டும் என்று எண்ணி, முட்டையே பாதியாகச் சிறுத்துவிட்டது என முடிவு செய்தார். முட்டையைச் சார்ந்த அளவுகள் யாவும் இரட்டித்தன. முட்டை வழியே வரையறுக்கப்பட்டிருந்த ஒலிவமும், எந்த ஒலிவ மரத்தையும் கேளாமலே இரட்டித்தது.

20ஆம் நூற்றாண்டில் இவ்வாதம் எண்ணாக உறைந்தது. எருசலேமில் வாழ்ந்த ரபி அவ்ராகாம் கயிம் நாஎ கட்டைவிரலின் அகலத்தை 2 சென்டிமீட்டர் எனக் கொண்டார்; ஒரு கிண்ணம் சுமார் 86 மில்லிலிட்டர் ஆயிற்று. ‘கஸோன் இஷ்’ எனப்படும் ரபி அவ்ராகாம் யெஷாயா கரேலிட்ஸ் (1878–1953) வழியினர் 2.4 சென்டிமீட்டர் எனக் கொண்டனர். கிண்ணம் சுமார் 150 மில்லிலிட்டர் ஆயிற்று. விரலில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு, மும்மடிப் பெருக்கத்தில் கிண்ணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது. நான்கு கிண்ணத்துக்கு ஒரு கணக்கில் 344 மில்லிலிட்டர், மற்றொன்றில் 600. ஒலிவ அளவும் அவ்வாறே சுமார் 27 கனசென்டிமீட்டர் எனவும் சுமார் 50 எனவும் இரு வழிப்பட்டது.

கசப்புக் கீரையில் அளவோடு பொருளும் மாறியது. மிஷ்னா முதலில் சொல்லும் கீரை ‘கஸெரெத்’; அது லெட்டூஸ். குளிர்நாடுகளில் பஸ்கா காலத்தில் லெட்டூஸ் எளிதில் கிட்டாததால், கண்ணில் நீர் வரவழைக்கும் காரமுள்ள ஒரு கிழங்கு வேர் அவ்விடத்துக்கு வந்தது. கடுகின் இனத்தைச் சேர்ந்த அவ்வேருக்கு இன்றைய எபிரேயத்தில் வழங்கும் பெயரே ‘கஸெரெத்’. ஜீடிக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கிறது. ஓர் ஒலிவ அளவு லெட்டூஸ் என்பது இரண்டு வாய் இலை. அதே சட்டம், இரு நழுவல்களுக்குப் பின், அரை முட்டை அளவு காரவேரைக் கிழவருக்கும் நோயாளிக்கும் விதிப்பதாகிவிட்டது.

பெரிய அளவை ஆதரிப்போர் வாதத்தையும் எடைபோட வேண்டும். புளிப்பில்லா அப்பம் தோராவின் நேரடிக் கட்டளை. தோராவின் கட்டளையில் ஐயம் எழுந்தால் கடினமான பக்கமே நிற்க வேண்டும் என்பது ஹலாகாவின் நெறி. பல நூற்றாண்டாக ஒரு சமூகம் பின்பற்றியது தானே சட்டமாகிறது என்பதும் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு விரிசல் உண்டு. ஒலிவ அளவு உண்ண வேண்டியதற்கு மட்டும் எல்லையன்று. விலக்கப்பட்ட உணவை உண்டவன் தண்டனைக்கு உரியவனாவதும் ஒலிவ அளவிலேதான். அளவைப் பெரிதாக்கினால் கடமை கடினமாகும், அதே வேளையில் விலக்கு நெகிழும். எனவே ஐயத்தின்போது விலக்குக்குச் சிறிய ஒலிவத்தையும், கடமைக்குப் பெரிய ஒலிவத்தையும் கொள்ள நேர்கிறது. ஒரே சொல்லுக்கு, இடத்துக்கேற்பப் பத்து மடங்கு வரை வேறுபடும் பொருள்! எச்சரிக்கை என்ற அளவில் இதை மதிக்கலாம். ‘கெஸாயித்’ என்னும் சொல்லின் பொருள் இதுவே என்று ஏற்க முடியாது.

மேலும், ஐயத்தின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். ரமலான் இறுதியில் ஹைதராபாத் முஸ்லிம்கள் வழங்கும் ஃபித்ராவும் ‘ஸாவு’ என்னும் பழைய முகத்தலளவையைச் சார்ந்ததே. இன்று அது கிலோவாகவும் ரூபாயாகவும் அறிவிக்கப்படுகிறது. அதன் அளவிலும் ஈராக்கியருக்கும் மதீனத்தாருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஹனஃபி அறிஞர் அபூ யூசுஃப் மதீனா சென்றபோது, குடும்பங்களில் தலைமுறையாக வந்த அளவுகலன்களே சான்றாகக் காட்டப்பட்டன என்றும், அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்றும் மரபு கூறும். தஞ்சைக் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலுக்குப் பெயர் சொல்லி, அது ராஜகேசரிக்கு ஒத்தது என்று பொறித்ததும் கலனைச் சான்றாக்கும் முயற்சியே. ஃபித்ராவில் அளவு கூடினால் ஏழைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பஸ்காவில் அளவு கூடினால் ஏழை கூடுதலாகத் தேட வேண்டும். பெசாகிம் பகுதியின் 10ஆம் இயல், மிக வறியவனும் அவ்விரவில் சாய்ந்தமர்ந்தே உண்ண வேண்டும், பொதுக் கொடையிலிருந்தேனும் அவனுக்கு நான்கு கிண்ணம் குறையாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. குறைந்தபட்ச அளவு என்பது எவரும் விடுபடாமல் இருக்க இட்ட கோடு. எட்ட முடியாத உயரத்துக்கு அக்கோட்டை ஏற்றினால், அது எதற்காக இடப்பட்டதோ அந்நோக்கமே தோற்றுவிடும்.

இந்தியாவில் இக்கேள்வி ஏட்டளவினதன்று. இந்திய யூதர் உலர்திராட்சையை ஊறவைத்து எடுத்த சாற்றைச் சமயக் கிண்ணத்தில் ஊற்றி, கிடைப்பதைக் கொண்டு கடமை நிறைவேற்றியவர்கள். குண்டூர் மாவட்டத்துச் சேப்ரோலு அருகே கொத்தரெட்டிபாலத்தில் தெலுங்கு பேசும் பெனே எஃப்ராயிம் சமூகத்தார் பஸ்காவைக் கடைப்பிடிக்கின்றனர். தலித் சமூகப் பின்னணியும் வயற்கூலி வாழ்வும் உடையவர்கள் அவர்களுள் பெரும்பாலோர். இத்தகையோர் கையில் கிராம் கணக்கு அட்டவணை மட்டும் சேர்ந்தால், அவ்வெண்ணே வேதம் என்று அவர்கள் கொள்ளக்கூடும். அந்த எண் தல்மூதின் இரு வாக்கியங்களை இணைத்ததில் பிறந்து, பிராகு நகரத்து முட்டையில் இரட்டித்தது என்னும் வரலாறும் அட்டவணையோடு சேர்ந்தே செல்ல வேண்டும்.

பெரிய அளவை விரும்பி உண்பவரை யாரும் தடுக்கத் தேவையில்லை. ஆனால் அதுவே குறைந்தபட்சம் என்று பிறருக்கு விதிக்கும்போது சொல்லின் சான்று கேட்கப்படும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கும் ஒலிவ மரங்கள் மத்தியதரைக் கரையில் இன்றும் காய்க்கின்றன. உவமையின் பொருளை உறுதிசெய்ய அந்தக் காய்களைப் பார்த்தாலே போதும்.