சுள்ளென்ற எச்சரிப்பு



போர்ட் பிளேயர் என்று வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் நகரத்தில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். கை கழுவிவிட்டுத் திரும்பியபோது வீட்டுச் சகோதரி, "பாஸ்டர் ஐயா, ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டுவிடாதீர்கள், லேசாக ஷாக் அடிக்கும். நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொடுவோம்" என்றார். அவருடைய சிறு குழந்தையோ வெறுங்காலோடு அந்த ஈரத்தரையில் விளையாடிக்கொண்டிருந்தது.

'லேசாக' என்ற அந்தச் சொல்லே என்னைத் திடுக்கிடச் செய்தது.

கருவியின் உலோக உடலில் கசியும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுசெல்வதே எர்த் கம்பியின் வேலை. நம் கையில் சுள்ளென்று உணர்கிறோமானால், பெரும்பாலும் அந்தக் கம்பி தன் வேலையைச் செய்யவில்லை. அதன் வேலையை நம் சரீரம் செய்கிறது. உள்ளிருக்கும் காப்புறை முற்றிலும் பழுதானால் 230 வோல்ட்டும் அந்த உடலில் வந்து நிற்கும். அன்று ஈரச்செருப்பு உயிரைக் காக்காது.

"வீடு கட்டும்போதே எர்த் போட்டுவிட்டோமே" என்பீர்கள். நம் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, நாற்புறமும் உப்புக்காற்று. இவை எர்த் இணைப்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். அந்த வீட்டிலும் எலக்ட்ரீஷியன் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இணைப்பு துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது.

ஆகவே, ஷாக் அடிக்கும் கருவியை உடனே நிறுத்துங்கள். மெயினை அணைத்த பின்பே அதன் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் பெரிய பின் உடைந்திருக்கிறதா, இரண்டு பின் அடாப்டரில் செருகப்பட்டிருந்ததா என்று பாருங்கள். மற்றச் சோதனைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த்தின் தடையை எர்த் டெஸ்டராலும், கருவியின் கசிவை மெக்கராலும் அளக்கச் சொல்லுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைப் பிளக்பாயிண்டிலேயே இணைத்துவிடும் குறுக்குவழிக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்றும் நிம்மதியடைய வேண்டாம். அது அதிக மின்னோட்டத்திலிருந்து வயரிங்கைக் காப்பது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு மனிதனைக் கொல்லும் சிறு கசிவு தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்தக் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். இரண்டும் வேண்டும்.

மே மாதத்தில் பருவமழை நம் தீவுகளுக்கு வந்துவிடும். குடும்பத் தலைவர்களே, ஆண்டுதோறும் அதற்கு முன்பே எர்த்தைச் சோதித்துவிடுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். சுள்ளென்று அடிப்பது பழகிக்கொள்ள வேண்டிய காரியமன்று; நமக்குக் கிடைத்த எச்சரிப்பு.