காணிக்காரர்களின் பாதிப் பங்கு

அகத்தியமலை மழைக்காட்டுக்குள் 1987இல் ஆய்வுக்காக ஏறிய விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்ட வந்த காணிக்காரர்களுக்கு வாங்கவில்லை. அவர்கள் ஏதோ சிறு பழத்தைக் கொறித்துக்கொண்டே நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டபோது உடனே சொல்லிவிடவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத குல ரகசியம் அது. வற்புறுத்தலுக்குப் பிறகு அவர்கள் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. (காட்டிக்கொடுத்த என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம், புஷ்பாங்கதன் தலைமையில், அந்தச் செடியின் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீத ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பணம் தர வேண்டும் என்று இந்தியாவில் அப்போது எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உயிரியல் பன்மைச் சட்டமே 2002இல்தான் வந்தது. எனவே இது நல்ல மனதுடன் செய்த காரியம் என்பதில் சந்தேகமில்லை. 2002இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்ததும் நியாயமே.

ஆனால் பாதி என்பதை நிர்ணயித்தது யார்? காணிகள் அல்ல. பணத்தை வாங்க அவர்களிடம் ஓர் அமைப்புகூட இல்லை. 1997இல் அறக்கட்டளை பதிவானது. ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டிய முதல் தொகை கைக்கு வந்தது 1999இல். இதற்கிடையே பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவை விற்க மற்றவர்கள் யார் என்று ஆட்சேபித்திருந்தார்கள். சட்டத் தமிழில் 'பலன் பகிர்வு' என்று சுலபமாக மொழிபெயர்த்துவிடுகிறோம். யார் பகிர்வது, யாரோடு என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

இதில் ராயல்டியைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று இருந்தது: இலை. ஆரோக்கியப்பச்சை அந்தக் காட்டின் நிழலில் வளர்ந்தால்தான் அதன் குணம் நிற்கிறது. செடியைப் பிடுங்காமல் இலையை மட்டும் திரும்பத் திரும்பப் பறிக்கலாம். அதாவது, மரங்கள் நின்றால்தான் மருந்து. மருந்து விற்றால் காணிகளுக்கு ஆண்டு முழுவதும் கூலி. காட்டைக் காப்பதும் வயிறு நிறைவதும் ஒரே வேலையாகும் சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வாய்க்கும். தொண்ணூறுகளில் சில காணிக் குடும்பங்கள் சாகுபடியைத் தொடங்கவும் செய்தன.

வனத்துறை குறுக்கே நின்றது. அரிய செடி, அழிந்துவிடும் என்றது. அந்த அச்சம் வெறும் சாக்கு அல்ல. கிராக்கி ஏறியதும் வெளி வியாபாரிகளின் தூண்டுதலில் செடிகள் வேரோடு பிடுங்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. ஆனால் திருட்டைத் தடுக்க வளர்ப்பையும் சேர்த்துத் தடுத்தால் லாபம் திருடனுக்குத்தான். இலை வரத்து நின்றால் மருந்து குறையும். மருந்து குறைந்தால் ராயல்டியும் குறையும். போதாக்குறைக்கு, 'ஜீவனி' என்ற பெயரையே ஓர் அமெரிக்க நிறுவனம் அங்கே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. பின்னர் கோவை உரிமமும் காலாவதியானது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. ஜீவனிக்கு உரிமம் எழுதப்பட்டபோது இது இருந்திருந்தால், இலையின் விலையைப் பேச மூட்டுக்காணியும் மேசையில் உட்கார்ந்திருப்பார். அகத்தியமலையில் செடி இன்னும் இருக்கிறது; அது வளரும் இடம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை பழத்தின் பெயரைக் கேட்பவர்களுக்கு அவர்கள் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லப்போவதில்லை.