சூத்திரத்துக்கு முன் எழுத வேண்டிய வரி

உந்த மாறா விதியைப் பத்தாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் அது மறுபடி வருகிறது. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் கணக்கைக் கொடுத்தால் நொடியில் சூத்திரத்தை எழுதி, எண்களைப் போட்டு, விடையை அடிக்கோடிடுவார்கள். எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்து ஓர் அமைப்பாகக் கொள்கிறோம், அதன்மீது புறவிசை செயல்படுகிறதா, எந்தத் திசைக்கு எந்தக் குறி என்ற கேள்விகளைக் கேட்காமல் போடும் கணக்கை இயற்பியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் சாலையில் ஒரு கணக்கை அமைத்துப் பார்ப்போம். 20 டன் லாரி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே, ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ நிறையுள்ள பைக் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்து நேருக்கு நேர் மோதி, இரண்டும் ஒன்றாக நகர்கின்றன. பைக்கின் உந்தத்துக்குக் கழித்தல் குறி போட மறந்த மாணவருக்கு 10.05 என்று விடை வரும். எதிரே வந்ததில் மோதிய லாரி முன்னைவிட வேகமாக ஓடுகிறது என்று அதற்குப் பொருள்! சாலையை மனதில் பார்த்தவர் அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்துவார். சரியான விடை 9.75. லாரி இழந்தது நொடிக்கு கால் மீட்டர். பைக்கின் திசைவேகமோ 24.75 மீட்டர் மாறிவிட்டது. உந்த மாற்றத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். நிறை நூறில் ஒரு பங்கு என்பதால், பைக்கில் வந்தவருக்கு அதிர்ச்சி நூறு மடங்கு.

சாலையில் உராய்வு இருக்கும்போது இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று ஒரு மாணவர் கேட்டால், அதைவிட நல்ல கேள்வி வகுப்பில் வராது. மோதல் பத்தில் ஒரு நொடி நீடித்தால் பைக்கைத் தாக்கும் சராசரி விசை 49,500 நியூட்டன். அதன் டயரில் உராய்வு இரண்டாயிரத்தைக்கூட எட்டாது, ஆகவே அதை விட்டுவிடலாம். ஆனால் லாரி ஓட்டுநர் பிரேக்கை முழுதாக மிதித்தபடி மோதினால், லாரியின் டயர்களில் உராய்வு லட்சம் நியூட்டனைத் தாண்டும். அப்போது விதியை அப்படியே போட முடியாது. சூத்திரம் இதைச் சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும்.

நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். அந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் குறி தவறிய விடையும் நான்கு தெரிவுகளில் ஒன்றாக அங்கே காத்திருக்கும். யோசித்துப் பழகியவருக்கு அதை ஒதுக்க அரை நிமிடம் போதும். பள்ளித் தேர்விலாவது, அமைப்பையும் புறவிசையையும் குறிப்பிடும் முதல் வரிக்குத் தனியாக ஒரு மதிப்பெண் ஒதுக்கட்டும். மதிப்பெண் உள்ள வரியைப் பிள்ளைகள் விட்டுவிட மாட்டார்கள்.