சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்

சிங்கப்பூர் அரசாங்கத்தின் காம்கேர் உதவித்தொகையில் பல மாதங்கள் குடும்பத்தை ஓட்டிவிட்டு, ஒருவழியாக வேலை கிடைத்து முதல் சம்பளச் சீட்டை வாங்கும் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பேசிய சம்பளம் 2,000 வெள்ளி. கைக்கு வந்தது 1,595. “வேலைக்குப் போனதும் வரி பிடிச்சிட்டாங்களே, வீட்டிலேயே இருந்திருக்கலாம்” என்பார். தேக்கா வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது.

பிடித்தது வரியே இல்லை. அவர் 55 வயதுக்குட்பட்டவர் என்றால், 20 விழுக்காடாக 400 வெள்ளி மத்திய சேமநிதியில் அவர் பெயரிலேயே சேர்ந்திருக்கும். முதலாளி தம் பங்குக்கு 340 போட்டிருப்பார். மிச்சம் 5 வெள்ளி சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு. நம் பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கு உதவும் காசு அது. வருமான வரி? ஆண்டுச் சம்பளம் 24,000. சேமநிதிக் கழிவு 4,800, உழைப்பு வருமானக் கழிவு 1,000 போனால் 18,200. முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது.

அதற்கும் மேலே, 30 வயதை எட்டி மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல் சம்பாதிக்கும் குடிமக்களில் தகுதி உள்ளவர்களுக்கு வேலைநலன் துணை வருமானம் தானாகவே வரும். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை.

சிக்கல் சொந்தத் தொழில்காரர்களுக்குத்தான். பூக்கட்டுகிறவர், வீட்டில் சமைத்து விற்பவர், தீபாவளிக்கு ரவிக்கை தைப்பவர் ஆகியோருக்கு எதுவும் தானாக வராது. வருமானத்தை அறிவிக்க வேண்டும், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பில் பணம் கட்ட வேண்டும், பிறகுதான் வேலைநலன். “நம்ம வருமானத்துக்கு வரியே இல்லை, எதுக்குப் படிவம்?” என்று விட்டவருக்கு அந்தத் தொகையும் இல்லை. வரி கட்டத் தேவையில்லாதவருக்குத்தான் இந்த அறிவிப்பு அதிகம் தேவைப்படுகிறது!

இந்த ஏற்பாட்டில் நமக்கு ஒரு குறை உண்டு. ஊழியருக்கு வேலைநலனில் 40 விழுக்காடு ரொக்கம். சொந்தத் தொழில்காரருக்கு வெறும் 10, மற்றதெல்லாம் மெடிசேவில். முதுமைக்கு நல்லதுதான். ஆனால் உதவித்தொகையை விட்டு நேற்று வெளியே வந்தவருக்கு இந்த மாத வாடகையல்லவா கவலை? தளம்வழி வேலை செய்யும் உணவு விநியோகிப்பாளர்களில் 1995 முதல் பிறந்தவர்களுக்கும் விரும்பிச் சேர்ந்தவர்களுக்கும் 2025 முதல் நிறுவனமும் தன் பங்குக்குச் சேமநிதி செலுத்துகிறது, வேலைநலனும் மாதாமாதம் வருகிறது. பூக்கட்டுகிறவருக்கும் இப்படி ஒரு வழியை அரசாங்கம் யோசிக்கலாம்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையவழி வருமான வரி அறிவிப்புக்கான கடைசி நாள் ஏப்ரல் 18. உங்களுக்குத் தெரிந்த அக்கா யாருக்காவது அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறக்கவே தயக்கம் என்றால், ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள்.