அம்மாவின்ர கண்ணாடியும் மூன்று வீதமும்



அம்மாவின்ர 2024ஆம் ஆண்டு வரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவ ஒரு பழைய பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து மேசையில கவிழ்த்தா. உள்ள முழுக்கப் பற்றுச்சீட்டுகள். கண்ணாடி 410 டொலர், பல் வைத்தியம் 340, மருந்து 130. மொத்தம் 880.

அம்மா ஸ்காபரோவில ஏஜென்சி மூலம் ஒரு பக்ரறியில பொதி கட்டுறா. தேறிய வருமானம் 30,000 டொலர். கனடாவின் மருத்துவச் செலவு வரிச்சலுகையில், வருமானத்தின் 3 வீதத்துக்கு மேற்பட்ட செலவு மட்டும்தான் கணக்கு. 30,000இல் 3 வீதம் 900. அம்மாவுக்குக் கிடைச்சது பூச்சியம்.

"அப்ப ஏன் பிள்ளை நான் இவ்வளவையும் பொத்திப் பொத்தி வச்சனான்?" எண்டு கேட்டா. என்னட்டப் பதில் இருக்கேல்லை.

சரி, செலவு 1,000 டொலராக இருந்திருந்தால்? எல்லைக்கு மேல நிக்கிற 100 டொலருக்குக் கூட்டாட்சி அரசு 15 வீதம் குறைச்சிருக்கும். அதாவது 15 டொலர். அதுவும் கையில தாற காசில்லை, கட்டவேண்டிய வரியில கழிக்கிறது. வரி கட்டுற அளவுக்கு உழைப்பில்லாதவருக்கு அதுவும் இல்லை.

இனி மேல்மாடியைப் பாருங்கோ. 2024க்கான விதி: வருமானத்தின் 3 வீதம் அல்லது 2,759 டொலர், இதில் எது குறைவோ அது. வருசம் 2 இலட்சம் டொலர் எடுக்கிறவருக்கு 2,759 எண்டது 1.4 வீதம்கூட இல்லை. அம்மாவுக்கு 3 வீதம், அவருக்கு அதில் பாதிக்கும் குறைவு! இதை அநியாயம் எண்டு சொல்லாமல் வேற என்னெண்டு சொல்லுறது?

அதோட, நல்ல வேலையில இருக்கிறவருக்குப் பெரும்பாலும் வேலைத்தலமே சுகாதாரக் காப்புறுதி எடுத்துக் குடுக்கும். கண்ணாடியும் பல்லும் அதில அடக்கம். வேலைத்தலம் கட்டுற அந்தப் பணத்தைக் கூட்டாட்சி வரியில் வருமானமாகக் கணக்கெடுக்கிறதில்லை. அதுவும் ஒரு வரிச்சலுகைதான். அதுக்குப் பேணியும் தேவையில்லை, பற்றுச்சீட்டும் தேவையில்லை.

இது இயற்கையாக வந்த நிலைமை இல்லை. ஒன்ராறியோவில் 20 முதல் 64 வயது வரையானவர்களின் வழமையான கண் பரிசோதனையை ஓஹிப் முன்பு ஏற்றிருந்தது. 2004 நவம்பரில் லிபரல் அரசு அதை வெட்டியது. அதே வருச வரவுசெலவுத் திட்டத்தில்தான் ஒன்ராறியோ சுகாதாரக் கட்டணம் எண்ட புது வரியும் வந்தது. காசைக் கூட்டி வாங்கிக்கொண்டு சேவையைக் குறைத்தார்கள். 2023இல், வேறு கண்நோய் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் பரிசோதனையையும் வருசத்துக்கு ஒருக்கா எண்டதிலிருந்து 18 மாதத்துக்கு ஒருக்கா எண்டு தள்ளிவிட்டார்கள்.

இந்த வெட்டால் ஆக்களுக்கு என்ன நடக்குது? அம்மாவுக்குப் பத்து வருசமாச் சலரோகம். சலரோகம் உள்ளவருக்கு வருசத்துக்கு ஒரு முழுக் கண் பரிசோதனையை ஓஹிப் இண்டைக்கும் ஏற்கிறது. ஆனால் "கண் பாக்கிறதெண்டா காசு" எண்டதுதான் அவவுக்குத் தெரிஞ்சது. மூண்டு வருசம் போகேல்லை. கடைசியாப் போகேக்க விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கியிருந்தது. நல்லகாலம், வைத்தியம் செய்யக்கூடிய கட்டத்தில் பிடிபட்டது. எங்கட ஆக்களில் எத்தனை பேருக்குச் சலரோகம் எண்டு உங்கட வீட்டையே எண்ணிப் பாருங்கோ.

ஆகவே நான் சொல்ல வாறது இதுதான்: வரிச்சலுகை சுகாதாரக் கொள்கை இல்லை. முதல்ல காசு வச்சிருக்க வேணும், பிறகு செலவழிக்க வேணும், பிறகு படிவம் விளங்க வேணும். இந்த மூண்டும் உள்ளவருக்குத்தான் அது உதவும். எல்லையை 2 வீதமாக்கு எண்டு கேட்பது எங்கட கோரிக்கையாக இருக்கக் கூடாது. கண் பரிசோதனையும் கண்ணாடியும் பொதுச் சுகாதாரத்துக்குள் வரவேண்டும்.

நடக்காத காரியம் எண்டு சொல்லுவினம். பல்லுக்கும் அப்படித்தான் சொன்னவை. 2022இல் என்டிபி நாடாளுமன்றத்தில் ஆதரவு குடுக்க வைச்ச நிபந்தனைகளில் ஒண்டாகப் பல் பராமரிப்புத் திட்டம் வந்தது. 2024இல் முதியவர்களோட தொடங்கி, 2025இல் எல்லா வயதினருக்கும் திறந்தது. குறைகள் இருக்கு, வருமான எல்லையும் இருக்கு. ஆனாலும் இண்டைக்கு அம்மாவின்ர பல்லுக்கு அட்டை இருக்கு. கண்ணுக்கு இல்லை.

அதுவரைக்கும் இருக்கிறதை விடக் கூடாது. வீட்டில இதுகளைச் செய்யுங்கோ:

அந்த வரி ஆண்டுக்குள் முடியிற எந்த 12 மாதத்தையும் தெரிவு செய்யலாம். கண்ணாடியும் பல்லும் ஒரே 12 மாதத்துக்குள் விழுந்தால் எல்லையைத் தாண்டலாம்.

கணவன் மனைவி இருவரின் செலவையும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் செலவையும் ஒருவரின் படிவத்தில் சேர்க்கலாம். வரி கட்டவேண்டியிருந்தால், வருமானம் குறைந்தவரின் படிவத்தில் போடுவதுதான் பெரும்பாலும் லாபம்.

வேலை செய்யிற குறைந்த வருமானக்காரருக்கு, கையில காசாகவே வாற ஒரு துணைத்தொகையும் உண்டு. கைக்காசு வேலையென்று கணக்கில் காட்டாதவருக்கு அது கிடைக்காது. முதலாளி ரி4 தராமல் விடுவதால் தொழிலாளி இழப்பதில் இதுவும் ஒண்டு.

தவறவிட்ட செலவுகளுக்காகப் பத்து வருசம் வரை பின்னுக்குப் போய்த் திருத்தம் கேட்கலாம்.

குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பும் தன்னார்வக் கிளினிக்குகள் இருக்கு. அங்க தமிழ் தெரிஞ்ச கைகள் தேவை. நாங்கள் போய் நிக்கலாம். ஒரு படிவம் நிரப்பேக்கதான், இந்த ஊரில ஆர் எவ்வளவுக்கு உழைக்கினம், எதை விட்டுக்குடுக்கினம் எண்டது தெரியவரும்.

அடுத்த கூட்டத்துக்கு வரேக்க உங்கட வீட்டுப் பேணியையும் கொண்டு வாங்கோ. முதல்ல படிவத்தை நிரப்புவம். பிறகு மாகாண உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவம்.

தோழமையுடன்.